மாரடைப்புத் தழும்பும் அப்லேஷன் சிகிச்சையும்: சோதனை முறைகளின் வரலாறு (1978–2024)

ஆய்வுச் சுருக்கம்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களின் இதயத்தில் எஞ்சும் தழும்பு, ஆண்டுகள் பல கடந்த பின்னரும் உயிருக்கு ஊறு விளைவிக்கும் மிகைத்துடிப்பைத் தோற்றுவிக்கக்கூடும். அத்துடிப்பு சுழலும் பாதையை அழித்து நிறுத்தும் அப்லேஷன் சிகிச்சை அறுவைக் கத்தியில் தொடங்கி, நேர்மின்சாரம், ரேடியோ அலைவரிசை மின்சாரம், கதிர்வீச்சு எனப் பல கருவிகளைக் கைக்கொண்டு வளர்ந்துள்ளது. கருவிகளின் வளர்ச்சி பரவலாக அறியப்பட்டுள்ளது. அக்கருவிகள் பயன் தருகின்றனவா என்பதை அளந்த முறைகளின் வளர்ச்சி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1978 முதல் 2024 வரையிலான முதன்மைச் சோதனைகளைக் காலவரிசையில் ஆராயும் இக்கட்டுரை, ‘வெற்றி’ என்ற சொல்லின் பொருள் மூன்று முறை மாறியதையும், அம்மாற்றங்களே சிகிச்சையின் இன்றைய இடத்தைத் தீர்மானித்தன என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மாரடைப்பு, கீழறை மிகைத்துடிப்பு, தழும்பு, மீள்சுழற்சி, அப்லேஷன், டிஃபிப்ரிலேட்டர், சமவாய்ப்புச் சோதனை, மருத்துவ வரலாறு

முன்னுரை

இதயத் தமனி அடைபடும்போது அதன்வழி குருதி பெற்ற தசைப்பகுதி மடிகிறது. மடிந்த தசையின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. இந்தத் தழும்பு சுருங்கி விரியாது, மின்துடிப்பையும் கடத்தாது. ஆயினும் தழும்பு முழுமையாக இறந்த நிலம் அன்று. அதனூடே மெல்லிய இழைகளாகச் சில தசைநார்கள் உயிர்பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றின் வழியே மின்துடிப்பு மிக மெதுவாக ஊர்ந்து மறுபுறம் வெளியேறும். அது வெளிவரும் நேரத்தில் சுற்றியுள்ள நல்ல தசை முந்தைய துடிப்பிலிருந்து மீண்டு, மறுபடியும் தூண்டப்படுவதற்கு ஆயத்தமாக இருந்தால், துடிப்பு அதனைத் தூண்டிவிட்டுத் தழும்பின் தொடக்க முனைக்கே திரும்பி வருகிறது. இவ்வாறு முடிவின்றிச் சுழலும் மின்னலை, இதயத்தின் இயல்பான ஆணையைப் புறந்தள்ளிக் கீழறையை மிகை வேகத்தில் துடிக்கச் செய்கிறது. இதுவே வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா எனப்படும் கீழறை மிகைத்துடிப்பு. இது சிதைந்து கீழறை நடுக்கமாக மாறினால் குருதியோட்டம் நின்று சில நிமிடங்களில் உயிர் பிரியும்.

மாரடைப்பு நேர்ந்த சில மணி நேரத்தில் தோன்றும் துடிப்புச் சீர்கேடும், வாரங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துத் தழும்பிலிருந்து தோன்றும் சீர்கேடும் வேறுவேறானவை. முன்னதற்குக் காரணம் குருதி கிடைக்காமை. பின்னதற்குக் காரணம் தசையின் அமைப்பிலேயே நிலைபெற்றுவிட்ட ஒரு சுற்றுப்பாதை. அப்லேஷன் சிகிச்சை குறிவைப்பது பெரும்பாலும் பின்னதையே. இக்கட்டுரையின் எல்லையும் அதுவே.

மீள்சுழற்சிக் கோட்பாட்டின் தோற்றம்

சுழலும் துடிப்பு என்ற எண்ணம் மனித இதயத்தில் பிறந்ததன்று. அமெரிக்க உயிரியலாளர் ஆல்ஃபிரட் மேயர் 1906இல் சொறிமீனின் குடையுடலை வளையமாக வெட்டித் தூண்டியபோது, ஒரே அலை அவ்வளையத்தைத் தொடர்ந்து சுற்றிவருவதைக் கண்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உடலியங்கியலாளர் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் 1913, 1914ஆம் ஆண்டுகளில் இதயத் தசையிலிருந்து எடுத்த வளையங்களில் அதே நிகழ்வைக் காட்டினார். அலை சுழல்வதற்கு ஒருபுற அடைப்பும் மெதுவான கடத்தலும் வேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனை. சுழற்சிதான் காரணம் என்பதை மெய்ப்பிக்க அவர் ஒரு தேர்வையும் முன்வைத்தார்: வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் துடிப்பு நின்றுவிட வேண்டும். மைன்ஸ் 1914 நவம்பரில், 28ஆம் வயதில், மான்ட்ரியாலின் மெகில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகையில் இறந்தார். ஆய்வுக்கூடத்தில் அவர் பயன்படுத்திய அந்த வெட்டே பின்னாளைய அப்லேஷன் சிகிச்சையின் தருக்க அடிப்படை. நோயைக் கண்டறியும் தேர்வும் நோயைத் தீர்க்கும் வழியும் ஒன்றாகவே அமைந்தது இக்கோட்பாட்டின் தனித்தன்மையாகும்.

மனித இதயத்தில் இதனைச் சோதிக்க அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1967இல் ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டுரெர் குழுவினரும் பாரிசில் பிலிப் குமெல் குழுவினரும், கதீட்டர் வழியே நேரம் கணித்துச் செலுத்தப்படும் தூண்டல்களால் சில வகை மிகைத்துடிப்புகளைத் தொடக்கவும் நிறுத்தவும் இயலும் எனத் தனித்தனியே காட்டினர். ஹைன் வெலன்ஸ் 1972இல் கீழறை மிகைத்துடிப்பிலும் இதனைச் செய்து காட்டினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க் ஜோசப்சன் குழுவினர் 1978 முதல் வெளியிட்ட தொடர் ஆய்வுகள், மாரடைப்புக்குப் பிந்தைய மிகைத்துடிப்பு தழும்பின் ஓரத்தில், கீழறையின் உட்பரப்பை ஒட்டித் தோன்றுவதை உறுதிப்படுத்தின. இதன் விளைவு பெரிது. எதிர்பாராமல் தாக்கும் நோயாக இருந்த ஒன்று, ஆய்வுக்கூடத்தில் மருத்துவர் விரும்பிய நேரத்தில் வரவழைக்கக்கூடிய நிகழ்வாக மாறியது. வரவழைக்க முடிந்த துடிப்பு சிகிச்சைக்குப் பின் வரவில்லையெனில் சிகிச்சை வென்றது என்ற அளவுகோல் இங்கேதான் பிறந்தது. இதுவே ‘வெற்றி’யின் முதற்பொருள்.

கத்தியின் காலம்

தழும்பை அகற்றினால் துடிப்பு அடங்கும் என்ற நம்பிக்கை இதற்கு முன்பே இருந்தது. 1959இல் கவுச், கீழறைப் புடைப்பை வெட்டியெடுத்ததன் மூலம் மிகைத்துடிப்பைக் கட்டுப்படுத்திய நிகழ்வைப் பதிவு செய்தார். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த புடைப்பை மட்டும் நீக்கிய அறுவைகள் பல நோயாளிகளில் பயனளிக்கவில்லை. துடிப்பு சுழலும் பாதை புடைப்பின் நடுவில் இல்லை, அதன் விளிம்பில் இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

பிரான்சில் ஜெரார்ட் கிரோடோன் 1978இல் தழும்பைச் சுற்றிலும் உட்புறமிருந்து ஆழமாகக் கீறித் தனிமைப்படுத்தும் முறையை வெளியிட்டார். துடிப்பு அடங்கியது, ஆனால் அக்கீறல் நல்ல தசையின் குருதியோட்டத்தையும் பாதித்து இதயத்தின் இறைப்புத் திறனைக் குறைத்தது. 1979இல் ஜோசப்சன், ஆல்டன் ஹார்க்கென், லியோனார்ட் ஹொரோவிட்ஸ் ஆகியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். அறுவை மேசையிலேயே துடிப்பைத் தூண்டி, அது தோன்றும் இடத்தை மின்முனையால் குறித்து, அவ்விடத்தின் உட்படலத்தைச் சில மில்லிமீட்டர் தடிப்பில் உரித்தெடுத்தனர். உயிர்பிழைத்த பெரும்பாலோரில் துடிப்பு மீளவில்லை. எனினும் நெஞ்சைப் பிளந்து செய்யும் இவ்வறுவையில் உயிரிழப்பு பத்து விழுக்காட்டை ஒட்டியிருந்தது.

இக்காலத்தின் சான்றுகள் யாவும் ஒரே மையத்தின் நோயாளித் தொகுப்புகள். ஒப்பிடுவதற்கு எதிர்க்குழு இல்லை. அறுவையைத் தாங்குவார் எனக் கருதப்பட்டோரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆயினும் இத்தொகுப்புகள் ஒரு கோட்பாட்டை ஐயத்திற்கிடமின்றி நிறுவின: குறித்த இடத்தில் குறித்த அளவு திசுவை அழித்தால் துடிப்பு நிற்கும். நோயாளி நெடுநாள் வாழ்வாரா என்பது வேறு கேள்வி. அது அப்போது தனியாக எழுப்பப்படவில்லை.

கதீட்டரின் வருகை

மெல்வின் ஷைன்மன் குழுவினரும் ஜான் கலகர் குழுவினரும் 1982இல், கதீட்டர் முனையின் வழியே நேர்மின் அதிர்வைச் செலுத்தி மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்தனர். நெஞ்சைத் திறக்காமல் இதயத் திசுவை அழிக்க இயலும் என்பது இதனால் உறுதியானது. அடுத்த ஆண்டே ஜெஃப்ரி ஹார்ட்ஸ்லர் கீழறை மிகைத்துடிப்புக்கு இம்முறையைப் பயன்படுத்தினார். நேர்மின் அதிர்வு கதீட்டர் முனையில் சிறு வெடிப்பையே உண்டாக்கியது. அதன் அழுத்தம் இதயச் சுவரைக் கிழிக்கக்கூடும். அளவைக் கட்டுப்படுத்துவதும் கடினம். எனவே 1980களின் இறுதியில் ரேடியோ அலைவரிசை மின்சாரம் அதன் இடத்தைப் பிடித்தது. இது திசுவை வெடிக்கச் செய்யாமல் சூடாக்குகிறது. வெப்பம் ஏறத்தாழ 50 பாகை செல்சியசைக் கடக்கும்போது தசையணுக்கள் மீளாவண்ணம் சிதைகின்றன.

எந்த இடத்தைச் சுடுவது என்ற கேள்விக்கு 1993இல் வில்லியம் ஸ்டீவன்சன் குழுவினர் தெளிவான விதிகளை வகுத்தனர். சுழலும் துடிப்பைவிடச் சற்று விரைவாகக் கதீட்டரிலிருந்து தூண்டி, அதன் மறுமொழியை அளந்து, அவ்விடம் சுற்றுப்பாதையின் இன்றியமையாத பகுதியா, அருகிலுள்ள பார்வையாளரா என்று பிரித்தறியும் முறை அது. ஆனால் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இத்தேர்வைச் செய்ய இயலும். நோயாளிகள் பலரில் மிகைத்துடிப்பு தொடங்கியதுமே குருதியழுத்தம் சரிந்துவிடும்.

இந்தத் தடையை நீக்கியது வரைபடம். 1997இல் இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த லியோர் கெப்ஸ்டீன், ஷ்லோமோ பென்-ஹைம் ஆகியோர் காந்தப்புலத்தைக் கொண்டு கதீட்டரின் இருப்பிடத்தை முப்பரிமாணத்தில் பதியும் முறையை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டில் பிரான்சிஸ் மார்க்லின்ஸ்கி குழுவினர் 16 நோயாளிகளில் இம்முறையைக் கொண்டு, இயல்பான துடிப்பின்போதே தழும்பின் எல்லையை வரைந்தனர். மின்னழுத்தம் 1.5 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த இடம் நோயுற்றது, 0.5 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த இடம் அடர்ந்த தழும்பு. இவ்வெல்லைகளை இணைக்கும் கோடுகளாகச் சுட்டால், துடிப்பை நெடுநேரம் ஓடவிடத் தேவையில்லை. மருத்துவர் துரத்தியது இனி துடிப்பை அன்று. அது பிறக்கும் நிலத்தை. சிகிச்சைக்குரியோர் எண்ணிக்கை இதனால் பெருகியது. பல மையச் சோதனைகளுக்கான வாயிலும் திறந்தது.

காஸ்ட் சோதனை தந்த எச்சரிக்கை

இதே காலத்தில் மருந்துத் துறையில் நிகழ்ந்த ஒன்று, இத்துறையின் சான்று குறித்த பார்வையையே மாற்றியது. மாரடைப்புக்குப் பின் கீழறையில் இடையிடையே தோன்றும் மிகைத் துடிப்புகள் மிகுதியாக உடையோர் விரைவில் இறக்கின்றனர் என்பது அறியப்பட்டிருந்தது. அவற்றை அடக்கும் மருந்துகளும் இருந்தன. ஆகவே அடக்கினால் உயிர் காக்கலாம் என்பது இயல்பான முடிவாகத் தோன்றியது. பல மருத்துவர்கள் அவ்வாறே மருந்தளித்தனர். இம்முடிவைச் சோதிக்கவே அமெரிக்காவில் ‘காஸ்ட்’ என்ற சமவாய்ப்புச் சோதனை நடத்தப்பட்டது.

1989இல் முதற்கட்ட முடிவும் 1991இல் முழு முடிவும் வெளிவந்தன. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு ஆகிய மருந்துகளுக்கோ அவற்றின் போலி மருந்துக்கோ ஒதுக்கப்பட்ட 1,498 பேரில், சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். போலி மருந்து பெற்ற 743 பேரில் இறந்தோர் 26 பேர். அம்மருந்துகள் துடிப்பை அடக்கின; அதே மருந்துகள் உயிரையும் குடித்தன. சோதனையில் சேர்க்கப்பட்டோர் யாவரும் அம்மருந்துகளால் துடிப்பு அடங்கியதாக முன்பே உறுதிசெய்யப்பட்டவர்கள் என்பது இங்குக் கருதத்தக்கது. அதாவது, மருந்து ‘வேலை செய்தவர்களே’ கூடுதலாக இறந்தனர்.

இச்சோதனையின் பாடம் இரு மருந்துகளோடு முடியவில்லை. நோயின் அடையாளத்தை நீக்குவது வேறு, நோயாளியின் ஆயுளைக் கூட்டுவது வேறு என்பதை அது எண்களால் காட்டிற்று. ஆய்வுக்கூடத்தில் துடிப்பைத் தூண்ட இயலவில்லை என்பதை வெற்றியாகக் கொண்ட அப்லேஷன் துறைக்கும் இது பொருந்தும். ஒரு சிகிச்சை பயன் தருகிறது எனச் சொல்ல, ஒதுக்கீட்டு முறையும் எதிர்க்குழுவும் நோயாளிக்குப் பொருளுடைய விளைவும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இதன் பின் தவிர்க்க முடியாததாயிற்று.

டிஃபிப்ரிலேட்டரின் இரட்டை இடம்

மிஷல் மிரோவ்ஸ்கி உருவாக்கிய, உடலுள் பதிக்கும் டிஃபிப்ரிலேட்டர் 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1985இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. அடுத்து வந்த சோதனைகள் அதன் மதிப்பை நிலைநாட்டின. 1996இல் வெளியான மேடிட் சோதனையில் வழக்கமான மருத்துவம் பெற்ற 101 பேரில் 39 பேரும், கருவி பெற்ற 95 பேரில் 15 பேரும் இறந்தனர். 2002இல் வெளியான இரண்டாம் மேடிட் சோதனை, மாரடைப்புக்குப் பின் இறைப்புத் திறன் குறைந்த 1,232 பேரை ஆராய்ந்தது. இறப்பு 19.8 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

அப்லேஷன் வரலாற்றில் இக்கருவிக்கு இரட்டை இடம் உண்டு. ஒருபுறம், திடீர் மரணத்தைத் தடுக்கும் பொறுப்பை அது ஏற்றுக்கொண்டதால், உயிர்காப்புச் சிகிச்சை என்ற தகுதியை அப்லேஷன் இழந்தது. மறுபுறம், அதுவே அப்லேஷனைச் சோதிப்பதற்கான அளவுகருவியாயிற்று. நோயாளியின் நெஞ்சில் இரவும் பகலும் இருந்து ஒவ்வொரு மிகைத்துடிப்பையும் நாள், நேரம், வேகம் ஆகியவற்றோடு பதிவு செய்யும் கண்காணிப்பாளர் அதற்கு முன் எந்த ஆய்வாளருக்கும் வாய்த்ததில்லை. ‘வெற்றி’யின் இரண்டாம் பொருள் இதிலிருந்து எழுந்தது: கருவி தலையிட வேண்டிய தேவை குறைந்ததா என்பது.

இக்கேள்வி வெறும் எண்ணிக்கை சார்ந்ததன்று. கருவி மரணத்தைத் தடுக்கிறது, மிகைத்துடிப்பைத் தடுப்பதில்லை. துடிப்பு தோன்றிய பின்னரே அது மின்னதிர்ச்சி தருகிறது. நினைவோடு இருக்கும்போது அதிர்ச்சி பெறுவோர் கடும் வலியையும் நீங்கா அச்சத்தையும் அடைகின்றனர். ஒரே நாளில் பலமுறை துடிப்பு மீளும் ‘மின்புயல்’ நிலை உயிருக்கே ஆபத்தானது. மேலும், 2008இல் ஜீன் பூல் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வு, இதயச் செயலிழப்புக்காகக் கருவி பொருத்தப்பட்டோரில் தகுந்த காரணத்தோடு அதிர்ச்சி பெற்றவர்களின் இறப்பு இடர், பெறாதவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று காட்டியது. அதிர்ச்சி இதயத்தைக் கெடுக்கிறதா, அல்லது கெட்டுப்போன இதயத்தின் அடையாளமாக அமைகிறதா? காஸ்ட் எழுப்பிய அதே வினா வேறு உருவில் திரும்பி வந்தது.

மருந்துகளும் இவ்விடத்தில் ஓரளவே உதவின. 2006இல் வெளியான ஆப்டிக் சோதனையில், 412 பேரில் ஓராண்டுக்குள் அதிர்ச்சி பெற்றோர் பீட்டா தடுப்பான் மட்டும் பெற்ற குழுவில் 38.5 விழுக்காடு, சோட்டலால் குழுவில் 24.3 விழுக்காடு, அமியோடரோனும் பீட்டா தடுப்பானும் சேர்ந்த குழுவில் 10.3 விழுக்காடு. அமியோடரோனின் ஆற்றல் தெளிவு. நுரையீரல், தைராய்டு, கல்லீரல் ஆகியவற்றை நாளடைவில் அது தாக்குவதும் அதே அளவு தெளிவு.

ஒதுக்கீட்டுச் சோதனைகளின் காலம்: 2007–2022

விவேக் ரெட்டி குழுவினரின் ஸ்மாஷ்-விடி சோதனை 2007இல் வெளியானது. மாரடைப்பு வரலாறும் டிஃபிப்ரிலேட்டரும் உடைய 128 பேர் இரு சம குழுக்களாக ஒதுக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டாண்டுக் கண்காணிப்பில், கருவி தலையிட நேர்ந்தது எதிர்க்குழுவில் 33 விழுக்காட்டினருக்கு. தழும்பைச் சுட்ட குழுவில் 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இறப்பிலும் குறைவு தென்பட்டது. ஆனால் அது தற்செயல் என்பதை விலக்கும் அளவுக்குச் சோதனை பெரிதாக இல்லை.

கார்ல்-ஹைன்ஸ் கூக் தலைமையில் ஐரோப்பாவில் நடந்து 2010இல் வெளியான விடாக் சோதனை 107 பேரைக் கொண்டது. இரண்டாண்டு முடிவில் மிகைத்துடிப்பு மீளாதோர் அப்லேஷன் குழுவில் 47 விழுக்காடு, எதிர்க்குழுவில் 29 விழுக்காடு. துடிப்பு மீள்வதற்கான இடைநிலைக் காலம் 5.9 மாதத்திலிருந்து 18.6 மாதமாக நீண்டது. இந்த எண்களை இருவகையில் வாசிக்கலாம். சிகிச்சை மீள்வதைத் தள்ளிப்போட்டது என்பது ஒரு வாசிப்பு. சிகிச்சை பெற்றோரிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டாண்டுக்குள் துடிப்பு மீண்டது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே.

ஜான் சாப் தலைமையிலான வானிஷ் சோதனை 2016இல் கேள்வியை மாற்றி அமைத்தது. முந்தைய சோதனைகள் அப்லேஷனை, அது செய்யப்படாத நிலையோடு ஒப்பிட்டன. வானிஷ், மருந்து உட்கொண்டும் துடிப்பு அடங்காத 259 பேரில், மருந்தை இன்னும் கூட்டுவதோடு அப்லேஷனை ஒப்பிட்டது. மருத்துவர் அன்றாடம் எதிர்கொள்ளும் தேர்வு இதுவே. இறப்பு, மின்புயல், தகுந்த அதிர்ச்சி ஆகியவற்றின் கூட்டு விளைவு அப்லேஷன் குழுவில் 59.1 விழுக்காடு, மருந்துக் குழுவில் 68.5 விழுக்காடு. இறப்பில் வேறுபாடு இல்லை. அமியோடரோன் உட்கொண்டும் துடிப்பு அடங்காதவர்களிடமே பயன் பெரும்பாலும் காணப்பட்டது. சோட்டலால் உட்கொண்டோரில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

எவ்வளவு முன்கூட்டிச் செய்வது என்ற வினாவை பெர்லின் விடி சோதனை எடுத்துக்கொண்டது. 2020இல் வெளியான இச்சோதனை 159 பேரில், டிஃபிப்ரிலேட்டர் பொருத்துவதற்கு முன்பே செய்யும் அப்லேஷனையும், மூன்றாம் அதிர்ச்சிக்குப் பின் செய்யும் அப்லேஷனையும் ஒப்பிட்டது. இறப்பு அல்லது மருத்துவமனைச் சேர்க்கை என்ற கூட்டு விளைவு முன்கூட்டிச் செய்த குழுவில் 32.9 விழுக்காடு, தள்ளிவைத்த குழுவில் 27.7 விழுக்காடு. பயன் காண வாய்ப்பில்லை எனச் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. கருவியின் தலையீடு தேவைப்பட்டோர் முன்கூட்டிச் செய்த குழுவில் குறைவாக இருந்தும் முடிவு இவ்வாறு அமைந்தது. வெற்றியின் இரண்டாம் பொருளும் மூன்றாம் பொருளும் ஒரே சோதனைக்குள் எதிரெதிராக நின்ற இடம் இது. துடிப்பு குறைந்தது; நோயாளியின் நிலை அதனால் மேம்பட்டதாகக் காட்ட இயலவில்லை.

2022இல் இரு சோதனைகள் வேறு திசையைக் காட்டின. பாவ்லோ டெல்லா பெல்லா குழுவினரின் பார்ட்டிட்டா, கருவி பொருத்தப்பட்ட 517 பேரைக் கண்காணித்து, முதல் அதிர்ச்சி பெற்றோரில் 47 பேரை ஒதுக்கீடு செய்தது. இறப்பு அல்லது இதயச் செயலிழப்பு மோசமடைதல் உடனடி அப்லேஷன் பெற்ற 23 பேரில் ஒருவருக்கும், மற்றக் குழுவின் 24 பேரில் 10 பேருக்கும் நேர்ந்தது. வியப்பூட்டும் வேறுபாடுதான். ஆயினும் இத்தனை சிறிய குழுவில், இடையில் நிறுத்தப்பட்ட சோதனையில், பயனின் அளவு மிகைப்படுவது புள்ளியியலில் அறியப்பட்ட இயல்பு. ஸ்பெயினில் நடந்த சர்வைவ்-விடி சோதனை 144 பேரில் அப்லேஷனை மருந்தோடு ஒப்பிட்டது. கூட்டு விளைவு 28.2 விழுக்காடும் 46.6 விழுக்காடுமாக அமைந்தது. இங்குக் கூட்டு விளைவில் சிகிச்சையால் நேரும் கடும் பக்கவிளைவும் ஓர் உறுப்பு. மருந்துக் குழு பின்தங்கியதில் அதன் பங்கு பெரிது.

வானிஷ்-2 சோதனையும் அதன் பொருளும்

2024 நவம்பரில் வெளியான வானிஷ்-2, இவ்வரிசையில் அளவாலும் கால நீட்சியாலும் முதன்மையானது. மூன்று நாடுகளின் 22 மையங்களில், மாரடைப்பு வரலாறும் டிஃபிப்ரிலேட்டரும் மிகைத்துடிப்பும் உடைய 416 பேர் சேர்க்கப்பட்டனர். 203 பேருக்கு முதற்சிகிச்சையாகவே அப்லேஷனும், 213 பேருக்குச் சோட்டலால் அல்லது அமியோடரோனும் ஒதுக்கப்பட்டன. இடைநிலைக் கண்காணிப்பு 4.3 ஆண்டு. இறப்பு, மின்புயல், தகுந்த அதிர்ச்சி, கருவியின் வேக வரம்புக்குக் கீழே நீடித்துச் சிகிச்சை தேவைப்பட்ட துடிப்பு ஆகியவற்றின் கூட்டு விளைவு அப்லேஷன் குழுவில் 50.7 விழுக்காடு, மருந்துக் குழுவில் 60.6 விழுக்காடு. ஒப்பீட்டு இடர் விகிதம் 0.75.

கூட்டு விளைவைப் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. இறப்பு 22.2, 25.4 விழுக்காடு, தகுந்த அதிர்ச்சி 29.6, 38.0 விழுக்காடு, மின்புயல் 21.7, 23.5 விழுக்காடு, கருவியின் வரம்புக்குக் கீழான துடிப்பு 4.4, 16.4 விழுக்காடு. நான்கும் ஒரே திசையில் சாய்ந்தாலும், மிகத் தெளிவான இடைவெளி கடைசியில் உள்ளது. மருந்து துடிப்பை முற்றிலும் நிறுத்தாமல் அதன் வேகத்தை மட்டும் குறைக்கும்போது, வேக வரம்பைக் கொண்டு இயங்கும் கருவியின் கண்ணுக்கு அத்துடிப்பு தப்பிவிடுகிறது என்பது இதற்கு ஏற்ற விளக்கம். கருவியின் பதிவை மட்டும் நம்பிய அளவீட்டின் குறை இங்கு வெளிப்பட்டது.

தீங்குகளின் கணக்கும் இருபுறமும் உண்டு. அப்லேஷன் பெற்ற இருவர் முப்பது நாளுக்குள் இறந்தனர், 11.3 விழுக்காட்டினருக்கு உயிர் போக்காத பாதகங்கள் நேர்ந்தன. மருந்துக் குழுவில் நுரையீரல் நச்சுத்தன்மையால் ஒருவர் இறந்தார். பிற பாதகங்கள் 21.6 விழுக்காட்டினருக்கு. அப்லேஷனின் இடர் முதல் நாள்களில் திரண்டு வருகிறது. மருந்தின் இடர் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. இவ்விரண்டையும் ஒரே விழுக்காட்டுக்குள் அடக்குவது கணக்கிற்கு எளிது; தேர்ந்தெடுக்க வேண்டிய நோயாளிக்கு அவை ஒன்றல்ல.

அளவீட்டின் எல்லைகள்

மேற்கண்ட சோதனைகள் எவற்றிலும் போலிச் செயல்முறை பெற்ற எதிர்க்குழு இல்லை. தமக்கு எந்தச் சிகிச்சை நடந்தது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறிந்திருந்தனர். கருவியின் பதிவு புறவயமானது என்பது இதற்குரிய விடை. அது அதிர்ச்சிக்கும் துடிப்புக்கும் பொருந்தும். மருத்துவமனைச் சேர்க்கை போன்ற, மருத்துவரின் முடிவைச் சார்ந்த விளைவுகளுக்கு அதே அளவு பொருந்தாது.

இரண்டாவது எல்லை, சோதிக்கப்படும் பொருளே மாறிக்கொண்டிருப்பது. ஒரு மாத்திரை பத்தாண்டுக்குப் பின்னும் அதே மாத்திரை. அப்லேஷன் அத்தகையதன்று. கதீட்டரும் வரைபட முறையும் மருத்துவரின் கைப்பழக்கமும் சோதனை நடக்கும் ஆண்டுகளிலேயே மாறுகின்றன. ஆகவே முடிவு வெளியாகும் நாளில் அது சென்ற தலைமுறைச் சிகிச்சையைப் பற்றியதாகிவிடுகிறது. மூன்றாவதாக, இச்சோதனைகளில் பங்கேற்றோர் பெரும்பான்மையும் ஆண்கள். மையங்களும் தேர்ச்சி பெற்றவை. முடிவுகளை வேறு சூழல்களுக்கு விரிக்கும்போது இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

புதிய கருவிகளுக்கும் இவ்வரலாறு பாடமாகிறது. 2017இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் குகுலிச் குழுவினர், கதீட்டர் எதுவும் செலுத்தாமல், 25 கிரே கதிர்வீச்சை ஒரே அமர்வில் தழும்பின்மீது குவித்து ஐந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தனர். முந்தைய மூன்று மாதங்களில் அவர்களுக்கு நேர்ந்த மிகைத்துடிப்பு நிகழ்வுகள் 6,577. சிகிச்சைக்கும் ஆறு வார இடைக்காலத்திற்கும் பின், ஐவரின் மொத்தம் 46 மாதக் கண்காணிப்பில் நிகழ்ந்தவை 4 மட்டுமே. எண்கள் மலைக்க வைக்கின்றன. ஆனால் ஐந்து நோயாளிகள், எதிர்க்குழு இன்மை, துடிப்பு எண்ணிக்கையே அளவுகோல் என்ற நிலையில், இச்சான்று 1979இன் அறுவைத் தொகுப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது தொடக்கத்திற்குப் போதும், முடிவுக்குப் போதாது.

முடிவுரை

மாரடைப்புக்குப் பிந்தைய அப்லேஷனின் வரலாற்றில் ‘வெற்றி’ மூன்று பொருள்களைப் பெற்றது. முதலில், துடிப்பை மீண்டும் தூண்ட இயலாமை. அடுத்து, டிஃபிப்ரிலேட்டர் தலையிட வேண்டிய தேவை குறைதல். இறுதியாக, இறப்பையும் மருத்துவமனை வாழ்வையும் உள்ளடக்கிய நோயாளியின் நலன். ஒவ்வொரு மாற்றமும் முந்தைய அளவுகோலின் குறையிலிருந்து எழுந்தது. அவற்றுள் காஸ்ட் தந்த எச்சரிக்கையே ஆழமானது.

இன்று கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்லத்தக்கவை இரண்டு. அப்லேஷன் மிகைத்துடிப்பையும் மின்னதிர்ச்சியையும் குறைக்கிறது. மாரடைப்புத் தழும்புடையோருக்கு மிகைத்துடிப்பு தோன்றிய பின், மருந்தை நாடுவதற்கு முன்பே அதனை முதற்சிகிச்சையாகக் கருத வானிஷ்-2 இடமளிக்கிறது. அது ஆயுளை நீட்டிக்கிறது என்ற கூற்றை மட்டும் போதிய அளவுடைய எந்தச் சோதனையும் இதுவரை மெய்ப்பிக்கவில்லை. அதிர்ச்சியின்றி வாழும் நாள்கள் நோயாளிக்குத் தம்மளவிலேயே மதிப்புடையவை. அம்மதிப்பை ஆயுள் நீட்டிப்பு என்ற பெயரில் விற்காமல் அதன் சொந்தப் பெயரிலேயே எடுத்துரைப்பதுதான் இந்நாற்பத்தாறு ஆண்டுச் சோதனை வரலாற்றுக்குப் பொருந்திய வாசிப்பாகும்.